கடல்குதிரைக்கு ஆற்றிய தண்ணீர்

கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸ் பக்கம் போய் நாகரத்தினம் வீடு எது என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லுகிற அம்மா வீடு எது என்று கேட்டால் யோசிக்கமாட்டார்கள். மூன்றாவது மாடியைக் கையால் காட்டிவிடுவார்கள்.

அந்தப் பேச்சு அவளுக்கு அப்பா வழியில் வந்ததில்லை. அப்பா சேதுராமு வாய் திறக்காத மனுஷன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தாய்மாமன் கூப்பிட்டார் என்று வந்து, துறைமுக டாக்கில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டி, பேசாமலே ரிட்டையர் ஆனவர். அம்மா வழியில்தான் வாய். மூன்று பெண்களில் நாகரத்தினம் நடுவில் பிறந்தவள். அக்கா காளியம்மாளைக் கரக்பூரில் ரயில்வேக்காரருக்குக் கொடுத்தார்கள். அந்த அக்காவின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடந்தபோது, பெற்ற பெண்கள் இரண்டு பேர் இருந்தும், "அந்தம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்று ரயிலேறிப் போனவள் இவள்தான். தங்கை தெய்வானைக்கு இரட்டைப் பிரசவம் ஆனபோது ஒரு பிள்ளையை ஒரு வருஷம் தன் இடுப்பிலேயே வைத்து வளர்த்துக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை இன்றைக்கும் இவளைப் பார்த்தால் அம்மா என்றுதான் வாயெடுக்கும். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு பெரியம்மா என்று மாற்றும்.

அவளைக் கட்டியவர் முத்துக்குமார், ஒன்றுவிட்ட அத்தை மகன். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் பெண்டாட்டியைச் சீண்டாமல் ஒரு வாய் சோறு இறங்காது. ஒரே மகள் பிரியம்வதா வங்கியில் இருக்கிறாள். தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் முடிக்கிற பிள்ளை.

கார்டன் ரீச்சில் ஆற்றோரம் ஒரு தனியார் கல்லூரி உண்டு. அங்கே கடல் உயிர்களுக்கென்று தனியாக ஒரு அறை. நாகரத்தினம் அந்த அறைக்கு உதவியாள். தரை துடைப்பாள், கண்ணாடி துடைப்பாள், உப்புத் தண்ணீர் கலப்பாள், மீன்களுக்குத் தீனி போடுவாள். அறைக்குப் பொறுப்பு அனுராதாதி என்கிற பேராசிரியை. ஹவுராவிலிருந்து தினமும் படகில் ஆற்றைத் தாண்டி வருகிறவள். வங்காளத்தில் 'தி' என்றால் அக்கா. இவள் அவளை அனுராதாதி என்பாள், அவள் இவளை நாகுதி என்பாள். யார் மூத்தவள் என்பது பத்து வருஷமாகத் தீர்மானமாகவில்லை. இருவருமே வயதைச் சொல்லமாட்டார்கள்.

போன வருஷம் டாக்கில் ஒரு சரக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அதற்குள் பிளாஸ்டிக் பைகள் இருந்தன. பைக்குள் கடல் தண்ணீர், தண்ணீருக்குள் கடல்குதிரைகள். யாரோ திருட்டுத்தனமாகத் தமிழ்நாட்டுக் கடலிலிருந்து பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். முக்கால்வாசி செத்துப் போயிருந்தன. உயிரோடு இருந்ததை எங்கே வைப்பது என்று வனத்துறை அதிகாரி கல்லூரிக்கு வந்து பேசினார். வேறு ஊருக்கு அனுப்பலாம், அங்கே பெரிய வசதி இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நாகரத்தினம் டீ கொண்டுபோனாள்.

"ஊருக்கு அனுப்பினா வழியிலேயே செத்துரும் சார். இங்கேயே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு டீயை வைத்தாள்.

அதிகாரி அனுராதாதியைப் பார்த்தார். அனுராதாதி தன் டீயைப் பார்த்தாள்.

"அவங்க பாத்துக்கிறேன்னு சொன்னா பாத்துப்பாங்க" என்றாள்.

அப்படி வந்து பிழைத்தது மூன்று. நாகரத்தினம் மூன்றுக்கும் பெயர் வைத்தாள், அதுவும் உறவுமுறையோடு. பெரியதற்கு நீண்ட மூஞ்சி, முன்னால் தள்ளின வயிறு. அப்பாவின் சித்தப்பா மகன் சங்கிலி கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று சாம்பார் கேட்கிறபோது அப்படித்தான் இருப்பார். ஆகவே அது சங்கிலிச் சித்தப்பா. இரண்டாவது பெண். கடல்குதிரைக்கு ஒரு கண் ஒரு பக்கம் பார்த்தால் மற்றக் கண் இன்னொரு பக்கம் பார்க்கும். இருளாயி அத்தை அடுப்பை ஒரு கண்ணாலும் மருமகளை ஒரு கண்ணாலும் பார்த்தே காலம் தள்ளினவள், அதனால் அந்தப் பெயர். மூன்றாவது எதைக் கண்டாலும் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். குழாயைப் பிடிக்கும், செடியைப் பிடிக்கும், ஒன்றும் கிடைக்காவிட்டால் சித்தப்பாவையே பிடிக்கும். அதற்குக் கொழுந்தன் என்று பெயர்.

"என் தம்பியப் போயி இப்படிச் சொல்லுறியே" என்று முத்துக்குமார் ஒருநாள் முகத்தைத் தூக்கினார்.

"அவரு மட்டும் என்னவாம். கல்யாணமாயி இருவது வருசமாச்சு, இன்னும் உங்க சட்டப் பையத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

முத்துக்குமார் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிரித்துவிட்டுப் போனார்.

இந்த வருஷம் ஜைஷ்ட மாசத்தில், நம் வைகாசியில்தான், உத்தரவு வந்தது. மூன்றையும் எங்கிருந்து பிடித்தார்களோ அந்தக் கடலிலேயே கொண்டுபோய் விட வேண்டும். திங்கட்கிழமை விமானம். அதற்கு முந்தின நாள் வனத்துறை டாக்டர் ஹரீஷ் வந்து பார்ப்பார். அவர் போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தன் கண் முன்னால் தீனி எடுக்கிற பிராணியைத்தான் ஏற்றுவேன், எடுக்காததை ஏற்றினால் வழியில் போய்விடும் என்று. இந்த முறை தவறினால் மறுபடி உத்தரவு வாங்கி, மழைக்காலம் முடிந்து, கடல் அடங்கிய பிறகுதான்.

உத்தரவு வந்த மறுநாளே சில்லர் நின்றது. தொட்டித் தண்ணீரை இழுத்துக் குளிர வைத்துத் திரும்ப விடுகிற எந்திரம் அது. உள்ளே என்னவோ கருகிப் போச்சு, பம்பாயிலிருந்து சாமான் வர ஒரு வாரம் ஆகும் என்று பார்க்க வந்த மெக்கானிக் சொன்னான். அறைக்கு ஏசி கிடையாது. தொட்டி குளிர்ந்தால் போதும், ஆளுக்கு எதற்கு என்று அறையைக் கட்டினவர்கள் விட்டுவிட்டார்கள். வெளியே கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று புகை கக்க, ஆற்றிலிருந்து காற்றே இல்லை. சட்டை முதுகில் ஒட்டுகிற வெயில். தெர்மாமீட்டரில் சிவப்புக் கோடு ஏறிக்கொண்டே போனது. கடல்குதிரைக்குச் சூடு ஆகாது. தண்ணீர் சூடானால் முதலில் தீனியை விடும், பிறகு மூச்சு வாங்கும், அதற்குப் பிறகு பார்க்க ஒன்றுமிருக்காது.

அனுராதாதி தலையில் கை வைத்தாள். "நாகுதி, இப்ப என்ன பண்றது?"

"நான் பாத்துக்கிறேன்" என்றாள் நாகரத்தினம்.

காண்டீன் ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துத் தொட்டிக்குள் மிதக்க விட்டாள். சிவப்புக் கோடு மளமளவென்று இறங்கியது. பாட்டில் உருகினதும் மளமளவென்று ஏறியது. இருளாயி அத்தை வெளிறிப் போனாள். இப்படி ஏறி இறங்குவது சூட்டைவிடக் கெடுதல் என்று சொல்லி அனுராதாதி பாட்டில்களை எடுக்கச் சொன்னாள். அடுத்து ஒரு மேசை ஃபேனைக் கொண்டுவந்து தண்ணீர் மேல் காற்று படும்படி வைத்தார்கள். வறண்ட ஊராயிருந்தால் அது குளிர வைக்கும். கல்கத்தாவில் காற்றே பாதி தண்ணீர், தொட்டித் தண்ணீர் எங்கே போய் உலரும்? கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு அனுராதாதி நல்ல தண்ணீராக ஊற்றினாள். போவது தண்ணீர்தான், உப்பு போவதில்லை.

அப்போதுதான் நாகரத்தினம் அந்தக் காரியத்தைச் செய்தாள். சில்லர் நின்றதால் தொட்டியில் தண்ணீர் ஓட்டமும் நின்றிருந்தது. தேங்கின தண்ணீர் சூடாகும், ஓடுகிற தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். ஸ்டோர் ரூமில் பழைய பெரிய தொட்டியின் மோட்டார்கள் இரண்டு கிடந்தன. தண்ணீருக்குள்ளேயே முங்கி ஓடுகிற மோட்டார். இரண்டையும் கழுவி உள்ளே இறக்கிச் சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் சுழன்று ஓடியது. ஆற்றைப் போல இருக்கிறது என்று அனுராதாதியும் சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் காலையில் கோடு இன்னும் மேலே இருந்தது. இரண்டு பேருக்கும் புரியவில்லை. சங்கிலிச் சித்தப்பா வயிறு உள்வாங்கி ஒரு மூலையில் தொங்கினார். கொழுந்தன் பிடித்துக்கொள்ளக்கூட ஒன்றையும் தேடவில்லை. உறைந்த இறாலைக் கரைத்துப் போட்டால் மூன்றும் அதைத் தாண்டி எங்கேயோ பார்த்தன. மத்தியானமும் அப்படியே. சனிக்கிழமை சாயங்காலம் அனுராதாதி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடட்டுமா? நாளைக்கு வர வேண்டாம்னு."

"காலைல சொல்லலாம்."

"நாகுதி, நீங்க என்ன பண்ணணுமோ பண்ணிட்டீங்க."

"காலைல சொல்லலாம் அனுராதாதி" என்றாள் மறுபடியும். பாத்துக்கிறேன் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்காமல் வந்தாள். கரக்பூர் அக்காவின் மாமியார் எழுந்து நடந்தாள். தெய்வானை பிள்ளை வளர்ந்து ஆளானான். நான்தான் வாயைத் திறந்து இதுகளை இங்கே நிறுத்தி வைத்தேன், அந்த அதிகாரி சொன்ன ஊருக்குப் போயிருந்தால் மூன்றும் குளுகுளுவென்று இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியேறினாள்.

வீட்டில் மறுநாளைக்கு மாவு அரைக்க வேண்டும். அரிசியும் உளுந்தும் காலையிலேயே ஊறப்போட்டிருந்தாள். கிரைண்டரில் அள்ளிப் போட்டுச் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்தவள், தொட்டி நினைப்பிலேயே இருந்துவிட்டாள்.

முத்துக்குமார் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்தா, நாகு. எம்புட்டு நேரமா ஓடுது அது?"

"ஓடட்டும்."

"ஓடட்டுமா? நாளைக்குத் தோச சாப்பிடணுமா, மோர்க்கொழம்பு சாப்பிடணுமா? போன வாரம் இப்பிடித்தான் புளிச்சுப் போயி மாவு பாத்திரத்த விட்டு எறங்கி நடந்துச்சு."

பிரியம்வதா உள்ளே இருந்து, "பாபா, மாகே பிரக்தோ கோரோ நா" என்று அதட்டினாள். அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே என்று அர்த்தம். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாகரத்தினம் கிரைண்டரை நிறுத்தி மாவில் கையை விட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. கல்கத்தா வெயிலில் தமிழ் வீடுகளில் எல்லோரும் செய்கிற மாதிரி ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டாள். கல் சுற்றச் சுற்ற மாவு சூடாகும், மோட்டாரும் சேர்ந்து சூடேற்றும். அதனால்தான் ஐஸ் போடுவது, அதனால்தான் விட்டுவிட்டு அரைப்பது. மாவுக் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க."

"என்ன?"

"தண்ணிக்குள்ள மோட்டார் ஓடுனா, அந்தச் சூடு எங்க போகும்?"

"தண்ணிக்குள்ளதான் போகும். வேற எங்க போகும்?" என்ற கிரேன்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, தொட்டியில மோட்டார விட்டிருக்கியா?" என்றார்.

"ரெண்டு."

"வெளங்குச்சு. சட்டையப் போட்டுக்கிறேன், வா."

மாவை அப்படியே மூடிப் போட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காவலாளிக்கு நாகரத்தினத்தைத் தெரியும், திறந்துவிட்டான். சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டு மோட்டாரையும் அவளே தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தாள். தண்ணீருக்குள் இருந்தும் தொட்டால் சுட்டது. இவ்வளவு நேரம் தன் கையாலேயே அந்த மூன்று உயிர்களுக்கும் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ராத்திரிக்கு, தொட்டிக்கு வெளியே வைத்து ஓட்டுகிற சின்னக் காற்று எந்திரத்தின் குழாயை மட்டும் ஒரு ஓரத்தில் விட்டுவிட்டு வந்தாள்.

காலையில் கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது. அது போதாது. அனுராதாதி முதல் படகிலேயே வந்துவிட்டாள். நாகரத்தினம் நடந்ததைச் சொன்னாள். அனுராதாதி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு பேரும் பாத்துச் சந்தோஷப்பட்டோமே, நாகுதி. ஆறு மாதிரி இருக்குன்னு வேற சொன்னேனே நான்."

"வெந்நீர் ஆறு."

"சரி, இப்ப எப்படிக் குளிர வைக்கிறது? பாட்டில உள்ள போடக் கூடாது."

"ஆத்தித்தான்" என்றாள் நாகரத்தினம் தமிழிலேயே. அதற்கு வங்காளத்தில் என்ன சொல் என்று அவளுக்கு வரவில்லை. கையைத் தூக்கிக் காப்பி ஆற்றுகிற மாதிரி காட்டினாள்.

வழி இதுதான். தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் மொண்டு வைத்து, அந்தப் பக்கெட்டில் உறைந்த பாட்டில்களை விடுவது. குளிர்ந்த தண்ணீரை மக்கில் எடுத்து உயரத்திலிருந்து இன்னொரு மக்குக்கு ஆற்றுவது, காற்று நன்றாகக் கலக்கட்டும் என்று. பிறகு மக்கு மக்காகத் தொட்டியின் கண்ணாடிச் சுவரில் சாய்த்து, கடல்குதிரைகளுக்கு அதிர்ச்சி தெரியாமல் மெல்ல விடுவது. அனுராதாதி கொஞ்ச நேரம் யோசித்து, "மெதுவா இறங்கினா சரிதான். பார்த்துக்கிட்டே இருக்கலாம்" என்று தெர்மாமீட்டரோடு தொட்டி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

முத்துக்குமார் பத்து மணிக்குப் பையில் ஒரு பித்தளை டபரா செட்டோடு வந்து நின்றார். அவர்கள் வீட்டில் காப்பி ஆற்றுவது என்றைக்கும் அவர்தான். கை ஒரு முழம் உயரும், நுரை விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும், ஒரு சொட்டு கீழே போகாது.

"அத வெளிய வைங்க மொதல்ல" என்றாள் நாகரத்தினம். "பித்தள பட்ட தண்ணி அதுகளுக்கு விஷம், உள்ள போச்சுன்னா மூணும் மல்லாந்துரும்."

"எங்க அம்மா கொடுத்த டபரா இது."

"உங்க அம்மா எனக்குக் கொடுத்தது எதுதான் ஒத்துக்கிச்சு?"

அனுராதாதிக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் மாமியார் பேச்சு என்பது முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். முத்துக்குமார் பிளாஸ்டிக் மக்கு இரண்டை வாங்கிக்கொண்டு சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அந்த அறையில் நடந்ததை யாராவது கதவோரம் நின்று பார்த்திருந்தால் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு என்றுதான் நினைத்திருப்பார்கள். நாகரத்தினம் மொள்ளுவாள், முத்துக்குமார் ஆற்றுவார், அவள் வாங்கித் தொட்டியில் சாய்ப்பாள். அனுராதாதி கோட்டைச் சொல்லிக்கொண்டிருப்பாள். சீக்கிரம் இறங்குகிறது என்றால் கையை நிறுத்துவார்கள், நின்றுவிட்டது என்றால் மறுபடி மொள்ளுவார்கள். நடுவில் அனுராதாதியும் ஒரு மக்கை வாங்கி ஆற்றிப் பார்த்தாள். பாதி தரையில் போயிற்று.

"பரவாயில்ல, உங்களுக்குக் காப்பிப் பழக்கம் இல்ல" என்று முத்துக்குமார் தனக்குத் தெரிந்த வங்காளத்தில் ஆறுதல் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. பிரியம்வதா தோசை சுட்டு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். தோசை புளிப்புத்தான். முத்துக்குமார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நான்கு தின்றார். கோடு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. சங்கிலிச் சித்தப்பாவின் உடம்பில் பழைய மஞ்சள் நிறம் கொஞ்சம் திரும்பியது. ஆனால் இறாலைப் போட்டபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குளிர்ந்துவிட்டது, பசி வரவேண்டுமே. நாகரத்தினம் மக்கைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

டாக்டர் ஹரீஷ் நான்கு மணி வாக்கில் வந்தார். ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவர். அறையில் கிடந்த பக்கெட்டுகளையும் நனைந்த தரையையும் பார்த்தார். தொட்டி முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, "ஃபேனை நிறுத்துங்க. தண்ணி ஆடுது, சரியாத் தெரியல. அந்தக் காற்றுக் குழாயையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்க" என்றார்.

அனுராதாதி இரண்டையும் நிறுத்தினாள். அந்த அறையில் நாகரத்தினம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏதாவது ஒரு மோட்டார் முனகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இப்போது ஒன்றுமில்லை. தூரத்தில் ஆற்றில் ஒரு படகின் சங்கு கேட்டது. அதுவும் நின்றது.

அவள் இறாலைக் கையில் கரைத்துத் தண்ணீரில் விட்டாள். சிவப்புத் துணுக்குகள் மெல்ல இறங்கின. இருளாயி அத்தை ஒரு கண்ணால் டாக்டரைப் பார்த்தாள், மறு கண்ணால் எதையும் பார்க்கவில்லை. சித்தப்பா தொங்கினபடியே இருந்தார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பதே நாகரத்தினத்துக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. கொழுந்தன் வாலை மெதுவாகக் குழாயிலிருந்து அவிழ்த்தான். ஒரு துணுக்கின் பக்கத்தில் வந்து நின்றான், அதையே வெகு நேரம் பார்த்தான். கழுத்தை இம்மி அளவு சாய்த்தான்.

டிக் என்று ஒரு சத்தம். நகத்தை நகத்தால் சுண்டுகிற மாதிரி, அவ்வளவு சின்னது. துணுக்கைக் காணோம்.

முத்துக்குமார் அறைக் கதவோரம் மூச்சைப் பிடித்து நின்றார். மறுபடி ஒரு டிக். இந்தத் தடவை சித்தப்பா. சற்றுப் பொறுத்து, எல்லோரும் எடுத்த பிறகுதான் நான் எடுப்பேன் என்பது போல, அத்தையின் மூலையிலிருந்தும் ஒன்று கேட்டது.

டாக்டர் தலையை நிமிர்த்தினார். "என்ன சத்தம் அது?"

பத்து வருஷம் அந்த அறையில் இருந்தவளுக்கே அது புதுச் சத்தம். எந்திரங்களின் முனகலுக்குள் இத்தனை நாள் அமுங்கிக் கிடந்திருக்கிறது. ஆனாலும் என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த மக்கை மேசைமேல் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிடுறாங்க சார்" என்றாள். "மூணு பேரும்."

டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நாளைக் காலைப் பெட்டியில் எவ்வளவு தண்ணீர் விடுவது, குளிர்ந்த பாட்டிலை எந்தப் பக்கம் வைப்பது என்று அனுராதாதியிடம் பேச ஆரம்பித்தார்.